பல் கறையிலிருந்து பி வேல்யூ வரை: மருத்துவ, நர்சிங் மாணவர்களுக்கான புள்ளியியல் செய்முறை

ப்ராஜெக்ட் என்றதும் பெரும்பாலான மாணவர்கள் ஒரு கேள்வித்தாள் தயார் செய்வார்கள், நூறு பேரிடம் நிரப்பி வாங்குவார்கள், எக்ஸெலில் ஏற்றுவார்கள். அதற்குப் பிறகுதான் "சார், இதுக்கு என்ன டெஸ்ட் போடணும்?" என்ற கேள்வி வரும். அந்தக் கேள்விக்கு விடை களத்துக்குப் போகும் முன்பே நோட்டில் இருக்க வேண்டும். எது எதனுடன் ஒப்பிடப்படுகிறது என்பது தெளிவாக இருந்தால், டெஸ்டைத் தேட வேண்டியதில்லை.

நம் ஊர்ப் பிரச்சினை ஒன்றையே எடுத்துக்கொள்வோம். தருமபுரி, கிருஷ்ணகிரி மாவட்டங்களின் நிலத்தடி நீரில் பல இடங்களில் ஃப்ளோரைடு அதிகம். அதனால் பிள்ளைகளின் பல்லில் வரும் பழுப்புக் கறை (பல் ஃப்ளோரோசிஸ்) நமக்குப் பழகிய காட்சி. இதற்காகவே வந்தது 2013இல் தொடங்கிவைக்கப்பட்ட ஒகேனக்கல் கூட்டுக்குடிநீர்த் திட்டம். கீழே வரும் எண்கள் எல்லாம் கணக்குப் பழகப் போட்டவை, எந்த ஊரின் உண்மைப் புள்ளிவிவரமும் அல்ல.

படி 1: கேள்வியை ஒரே வாக்கியத்தில் எழுதுங்கள்

"பாலக்கோடு வட்டாரத்தில் ஃப்ளோரோசிஸ் பற்றிய ஆய்வு" என்பது தலைப்பு, கேள்வி இல்லை. கேள்வி இப்படி இருக்க வேண்டும்: "12 வயதுப் பிள்ளைகளில், போர் தண்ணீர் குடித்து வளர்ந்தவர்களுக்கும் ஒகேனக்கல் தண்ணீர் குடித்து வளர்ந்தவர்களுக்கும் பல் ஃப்ளோரோசிஸ் சதவீதம் வேறுபடுகிறதா?"

இதில் "குடித்து வளர்ந்தவர்கள்" என்ற சொல்தான் உயிர். பல்லின் எனாமல் உருவாகும்போதே ஃப்ளோரைடு அதைக் கெடுக்கிறது. ஏறக்குறைய எட்டு வயதுக்குள் அந்தக் காலம் முடிந்துவிடுகிறது. ஆகவே "இப்போது வீட்டில் என்ன தண்ணீர்?" என்று கேட்டால் தவறான பதிலைத் துல்லியமாகச் சேகரிப்பீர்கள். பிறந்ததிலிருந்து எட்டு வயது வரை எந்த ஊர், எந்தத் தண்ணீர் என்று தாயிடமோ பாட்டியிடமோ கேளுங்கள். ஒகேனக்கல் தண்ணீர் எல்லா ஊருக்கும் ஒரே வருடத்தில் வந்திருக்காது. மேல்நிலைத் தொட்டியில் போர் தண்ணீரும் கலக்கிறதா என்று தொட்டி ஆபரேட்டரைக் கேளுங்கள். பெற்றோர் கட்டட வேலைக்குப் பெங்களூரு போனதால் பிள்ளை அங்கே சில வருடம் வளர்ந்திருந்தால், அதை எந்தக் குழுவில் வைப்பது அல்லது விலக்குவது என்ற விதியை முன்கூட்டியே எழுதுங்கள். தரவைப் பார்த்த பிறகு விதி எழுதுவது ஏமாற்று வேலை, தெரியாமல் செய்தாலும்.

எதிக்ஸ் கமிட்டி அனுமதி, தலைமையாசிரியர் அனுமதி, பெற்றோர் ஒப்புதல், பிள்ளையின் சம்மதம் ஆகிய நான்கும் கையில் வந்த பிறகே பள்ளிக்குப் போகவும்.

படி 2: எத்தனை பேர் வேண்டும்?

மாணவர்கள் மனப்பாடம் செய்து வைத்திருப்பது "4 பி க்யூ, கீழே டி ஸ்கொயர்". அது ஒரே குழுவில் ஒரு நோயின் பரவலை அளக்க. உதாரணமாக, எதிர்பார்க்கும் பரவல் (பி) 30 சதவீதம், நோய் இல்லாத மீதி (க்யூ) 70, அனுமதிக்கும் பிழை (டி) 5 என்றால் 4 × 30 × 70 ÷ 25 = 336 பேர். நம் கேள்வியோ இரண்டு குழுக்களை ஒப்பிடுவது. அதற்கு வேறு சூத்திரம்.

ஒரு குழுவில் 40 சதவீதம், மற்றதில் 20 சதவீதம் என்று எதிர்பார்க்கிறோம். வித்தியாசம் உண்மையில் இருந்தால் அதைப் பிடிக்கும் வாய்ப்பு (பவர்) 80 சதவீதம் வேண்டும். அப்போது ஒரு குழுவுக்கு:

7.84 × (0.4 × 0.6 + 0.2 × 0.8) ÷ (0.2 × 0.2) = 78.4, அதாவது 79 பேர்.

7.84 என்பது 1.96-ஐயும் (பி வேல்யூ எல்லை 0.05-க்கு உரியது) 0.84-ஐயும் (80 சதவீத பவருக்கு உரியது) கூட்டி வர்க்கம் எடுத்தது. பத்து சதவீதம் பேர் வராமல் போகலாம் என்றால் 79-ஐ 0.9-ஆல் வகுக்க வேண்டும்: 88. பலர் 79-உடன் பத்து சதவீதத்தைக் கூட்டி 87 என்பார்கள். இங்கே ஒருவர்தான் வித்தியாசம், பெரிய மாதிரியில் அது வளரும்.

அடுத்தது பள்ளி. ஒரு பானை சோற்றுக்கு ஒரு சோறு பதம் என்பது பானை முழுவதும் ஒன்றாக வெந்தால்தான் சரி. ஒரே பள்ளிப் பிள்ளைகள் ஒரே தொட்டித் தண்ணீர் குடித்தவர்கள். அந்தப் பள்ளியில் ஐம்பது பேரைப் பார்ப்பதால் ஐம்பது பேரின் தகவல் கிடைக்காது. இரண்டு பள்ளிகளில் ஐம்பது ஐம்பது பேர் எடுப்பதைவிட இருபது பள்ளிகளில் ஐந்தைந்து பேர் எடுப்பது மேல். பஸ் செலவு கூடும், வேறு வழியில்லை. அப்படியும் பள்ளிகளாக எடுத்த மாதிரிக்கு எண்ணிக்கையைச் சற்றுக் கூட்ட வேண்டும். எவ்வளவு என்று புள்ளியியல் ஆசிரியரிடம் கேளுங்கள்.

படி 3: இரண்டு பேர் பார்த்தால் ஒரே பதில் வருகிறதா?

ஃப்ளோரோசிஸை டீன் குறியீட்டால் தரம் பிரிப்பார்கள். மிக அதிகம் பாதித்த இரண்டு பற்களைப் பார்க்க வேண்டும், இரண்டும் சமமாக இல்லையென்றால் குறைவாகப் பாதித்ததற்குரிய மதிப்பெண்ணைப் போட வேண்டும். வெற்றிலைக் கறை, சொத்தை ஆகியவற்றை ஃப்ளோரோசிஸ் என்று எண்ணுவது புதியவர்கள் வழக்கமாகச் செய்யும் பிழை. எனவே முதலில் 50 பிள்ளைகளை இரண்டு பேர் தனித்தனியாக, ஒருவர் தாளை மற்றவர் பார்க்காமல் பரிசோதிக்கட்டும்.

இருவரும் "உண்டு" என்றது 14, இருவரும் "இல்லை" என்றது 28, முதலாமவர் மட்டும் "உண்டு" என்றது 5, இரண்டாமவர் மட்டும் 3. ஒத்துப்போனது 42, அதாவது 84 சதவீதம். பெருமைப்பட வேண்டாம், குருட்டாம்போக்கிலும் கொஞ்சம் ஒத்துப்போகும். முதலாமவர் மொத்தம் 19 பேரை "உண்டு" என்றார், இரண்டாமவர் 17 பேரை. தற்செயலாக ஒத்துப்போவது: (19 × 17 + 31 × 33) ÷ 2500 = 0.54. கப்பா (தற்செயலைக் கழித்த பிறகு எவ்வளவு ஒத்துப்போகிறது என்ற அளவு) = (0.84 − 0.54) ÷ (1 − 0.54) = ஏறக்குறைய 0.65. பரவாயில்லை ரகம். முரண்பட்ட எட்டுப் பிள்ளைகளை இருவரும் சேர்ந்து மறுபடி பார்த்து, "உண்டு", "இல்லை" என்பதற்கான எல்லைக்கோட்டை எங்கே மாற்றிப் போட்டார்கள் என்று பேசித் தீர்த்த பிறகு வேறு பிள்ளைகளிடம் மீண்டும் அளக்கவும்.

படி 4: எக்ஸெலில் ஏற்றுவது

ஒரு பிள்ளைக்கு ஒரு வரி, ஒரு விவரத்துக்கு ஒரு நெடுவரிசை. செல்களை மெர்ஜ் செய்யாதீர்கள். "உண்டு" 1, "இல்லை" 0. வயதுக் கட்டத்தில் 12 மட்டும், "12 வயசு" என்று தட்டினால் அது எழுத்தாகிவிடும், சராசரி வராது. பதில் கிடைக்காத கட்டத்தைக் காலியாக விடுங்கள். 0 போட்டால் "இல்லை" ஆகிவிடும், 99 போட்டால் சராசரி தாவும். பெயர் வேண்டாம், எண் போதும்.

படி 5: எண்களை முதலில் கண்ணால் பாருங்கள்

ஒன்பது போர்வெல்களின் ஃப்ளோரைடு, லிட்டருக்கு மில்லிகிராமில்: 0.6, 0.8, 0.9, 1.1, 1.3, 1.6, 1.8, 2.4, 5.7.

சராசரி 1.8. உலக சுகாதார நிறுவனத்தின் வரம்பு 1.5; ஆகவே "இந்தப் பகுதிப் போர்வெல்லில் வரம்பைத் தாண்டுகிறது" என்று எழுதத் தோன்றும். ஆனால் நடுவில் நிற்கும் எண் 1.3 தான். அந்தக் கடைசிப் போர்வெல் ஒன்றே சராசரியை இழுத்துக்கொண்டு போகிறது. எஸ்டி (எண்கள் சராசரியைச் சுற்றி எவ்வளவு சிதறியிருக்கின்றன என்ற அளவு) ஏறக்குறைய 1.57. சராசரியிலிருந்து இரண்டு எஸ்டி கழித்தால் மைனஸில் போகிறது, தண்ணீரில் மைனஸ் ஃப்ளோரைடு ஏது? இப்படி வந்தால் தரவு ஒரு பக்கம் சாய்ந்திருக்கிறது என்று பொருள். அப்போது இடைநிலை 1.3, நடுப்பாதி 0.9 முதல் 1.8 வரை என்று எழுதுங்கள். ஒன்பதில் நான்கு வரம்பைத் தாண்டியவை என்பதையும் சேருங்கள். அந்த 5.7-ஐ நீக்கிவிடாதீர்கள். தட்டச்சுப் பிழையா என்று லேப் சீட்டைப் பாருங்கள்; சரியென்றால் அந்தப் போர்வெல் தண்ணீரைக் குடிப்பவர்களுக்கு முதலில் சொல்ல வேண்டியதே அதுதான்.

படி 6: நான்கு கட்டம்

ஒரு குழுவுக்கு 100 பேர் கிடைத்தார்கள் என்று வைத்துக்கொள்வோம்.

போர் தண்ணீர்: ஃப்ளோரோசிஸ் உண்டு 42, இல்லை 58.
ஒகேனக்கல் தண்ணீர்: உண்டு 18, இல்லை 82.

முதல் தடவை கையால் போடுங்கள். மொத்தம் 200 பேரில் 60 பேருக்கு நோய். தண்ணீருக்கும் நோய்க்கும் தொடர்பே இல்லையென்றால் ஒவ்வொரு குழுவிலும் 30 பேருக்கு வந்திருக்கும், 70 பேருக்கு வந்திருக்காது. இதுதான் எதிர்பார்க்கும் எண்ணிக்கை. கிடைத்ததற்கும் எதிர்பார்த்ததற்கும் நான்கு கட்டத்திலும் வித்தியாசம் 12. அதன் வர்க்கம் 144. 144 ÷ 30 இரண்டு தடவை, 144 ÷ 70 இரண்டு தடவை, கூட்டினால் 13.7. இதுவே கை ஸ்கொயர் (chi-square) மதிப்பு. 3.84-ஐத் தாண்டினால் பி வேல்யூ (பொருள் படி 7-இல்) 0.05-க்குக் கீழே, இங்கே அது 0.001-க்கும் கீழே.

எக்ஸெலில் கை ஸ்கொயர் டெஸ்ட் ஃபங்ஷன் கிடைத்த அட்டவணையோடு எதிர்பார்க்கும் அட்டவணையையும் கேட்கும். அதை நீங்களே போட்டுத் தர வேண்டும். மொத்தம் எழுதிய வரியையும் சேர்த்துத் தேர்வு செய்தால் விடை கெடும். சதவீதத்தைக் கொடுக்கக் கூடாது, ஆட்களின் எண்ணிக்கைதான் வேண்டும். எதிர்பார்க்கும் எண்ணிக்கை ஏதாவது ஒரு கட்டத்தில் 5-க்குக் கீழே போனால் கை ஸ்கொயருக்குப் பதில் ஃபிஷர் டெஸ்ட். அதற்கு ஜமோவி என்ற இலவச மென்பொருள் போதும். கட்டத்தில் கிடைத்த எண் 3 என்பதற்காக ஃபிஷருக்கு ஓட வேண்டாம், பார்க்க வேண்டியது எதிர்பார்க்கும் எண்ணை.

படி 7: முடிவை எழுதுவது

"பி வேல்யூ 0.001-க்குக் கீழ், எனவே முக்கியமான வித்தியாசம்" என்று மட்டும் எழுதினால் வாசிப்பவருக்கு ஒன்றும் கிடைக்காது. தொடர்பே இல்லாத உலகில் இவ்வளவு அல்லது இதைவிடப் பெரிய வித்தியாசம் தற்செயலாகத் தோன்றும் வாய்ப்பு எவ்வளவு என்பதுதான் பி வேல்யூ. வித்தியாசம் எவ்வளவு பெரியது என்று அது சொல்லாது. அதைச் சொல்வது இந்த வரி: 42-க்கும் 18-க்கும் வித்தியாசம் 24 சதவீதப் புள்ளி, 95 சதவீத கான்ஃபிடன்ஸ் இன்டர்வெல் (உண்மை வித்தியாசம் இருக்கக்கூடிய எல்லை) ஏறக்குறைய 12 முதல் 36 வரை.

ஆட்ஸ் ரேஷியோ (ஒவ்வொரு குழுவிலும் "உண்டு"-ஐ "இல்லை"-ஆல் வகுத்து, அவ்விரண்டையும் ஒப்பிடுவது) 42 × 82 ÷ (58 × 18) = 3.3. இதைப் பார்த்து "போர் தண்ணீர் குடித்தவர்களுக்கு மூன்று மடங்கு" என்று எழுதிவிடுகிறார்கள். 42-ஐ 18-ஆல் வகுத்தால் 2.3 மடங்குதான். நோய் அரிதாக இருந்தால் இரண்டும் கிட்டத்தட்ட ஒன்றாக வரும்; ஃப்ளோரோசிஸ் நம் பக்கம் அரிதல்ல. "பரவல் 2.3 மடங்கு அதிகம்" என்று எழுதி, அடுத்த வரியிலேயே இரண்டு குழுக்களும் வேறு எதில் வேறுபட்டன என்பதையும், பற்பசை விழுங்கும் பழக்கத்தையும் இடம்பெயர்வையும் கேட்டீர்களா இல்லையா என்பதையும் பதிவு செய்யுங்கள்.