கறுப்புப் பென்சில் இல்லாமல் கறுத்த முகம் வரைவது

என் வண்ணப் பென்சில் பெட்டியில் ‘தோல் நிறம்’ என்று ஒன்று இருந்தது. வெளிர் ரோஜா. ராயபுரத்தில் எங்கள் தெரு முழுக்கத் தேடினாலும் அந்த நிறத்தில் ஒரு முகம் கிடையாது. ஆயாவை வரைய ஐந்து தாள்களைக் கிழித்துப் போட்ட பிறகு எனக்குக் கைவந்த முறை இது. கண், மூக்கு அளவுகள் உங்களுக்குத் தெரியும் என்று வைத்துக்கொள்கிறேன்.

1. தாள்: நோட்டுக்கு அட்டை போடும் பழுப்புத் தாளே போதும். பாரிமுனை ஆண்டர்சன் தெருவில் வாங்கலாம். சொரசொரப்பான பக்கத்தில் வரையுங்கள். தாளின் நிறமே முகத்தின் நடுநிறமாக நிற்கும்.

2. நிழல்: நான் இடறிய இடம் இதுதான். கன்னத்தின் நிழலுக்குக் கறுப்பைத் தேய்த்தேன். ஆயாவின் முகம் சாம்பல் பூத்துப் போயிற்று. காரணம் உயிரியல் பாடத்தில் இருந்தது. தோலுக்கு நிறம் தரும் மெலனின் என்ற நிறமி கறுப்பு மை அல்ல. அது நீல ஒளியை அதிகமாகவும் சிவப்பைக் குறைவாகவும் விழுங்குகிறது. ஆகவே தோலிலிருந்து திரும்பும் ஒளியில் செம்மை மிஞ்சும். நிழலிலும் அந்தச் செம்மை வேண்டும். முதலில் அடர் சிவப்பு, மேலே அடர் பழுப்பு, கண்குழி போன்ற ஆழங்களில் மட்டும் கருநீலம். கறுப்புப் பென்சிலைப் பெட்டியிலிருந்தே எடுத்துவிடுங்கள்.

இன்னொன்றையும் சொல்லியாக வேண்டும். மெலனினைச் சுரக்கும் செல்களின் எண்ணிக்கை எந்த நிறத்தவருக்கும் ஏறக்குறைய ஒன்றுதான். அவை தரும் மெலனினின் அளவும் வகையும்தான் மாறுகின்றன. ‘தோல் நிறம்’ என்று ஒரே பென்சிலுக்குப் பெயர் வைப்பது தவறு என்று இப்போது உறுதியாகச் சொல்வேன்.

3. மினுமினுப்பு: நெற்றியிலும் மூக்கு நுனியிலும் தெறிக்கும் ஒளிக்குத் தோலின் நிறம் இல்லை, வெளிச்சத்தின் நிறம்தான். வெயில் விழாத வாசலில் உட்காரவைத்தால் வானத்தின் நீலம் அங்கே தெரியும். அதற்கு வெளிர் நீலம் தொடுங்கள், வெள்ளை வேண்டாம். முகத்தில் பவுடர் இருந்தால் ஒளி சிதறி மினுமினுப்பு மங்கிவிடும். ஆயாவிடம் முகம் கழுவி வரச் சொன்னேன்.

“கறுப்பாகத் தெரிவேனே” என்றாள்.

“அதைத்தான் வரையப் போகிறேன், ஆயா.”

பின்சேர்க்கை: சில நாட்களில் நிழலின்மேல் வெண்படலம் படிகிறது என்று இருவர் கேட்டிருந்தார்கள். அழுத்தித் தேய்த்த பென்சிலின் மெழுகு மேலே வருவதுதான் அது. மெல்லிய பருத்தித் துணியால் லேசாகத் துடையுங்கள். அடுத்த முறை அழுத்தாமல் பல அடுக்குகளாகத் தீட்டுங்கள்.