போஸ்டர் முந்தி, மாஸ்டர் பிந்தி: இண்டி ரிலீஸில் தவிர்க்க வேண்டிய தவறுகள்

"வெள்ளிக்கிழமை ரிலீஸ்" என்று போஸ்டர் போட்டிருப்பார்கள். புதன்கிழமை இரவு பதினோரு மணிக்கு எனக்கு ஃபோன் வரும். வீடியோவில் பாடுகிறவரின் உதடு பாட்டோடு ஒட்டவில்லையாம். முதல் வரி சரியாக இருக்கிறது, பல்லவி திரும்பும்போது லேசாக நழுவுகிறது, சரணத்தில் குரல் ஒரு வார்த்தை, வாய் ஒரு வார்த்தை. ஃபைலைத் திறந்த இரண்டாவது நிமிடத்தில் காரணம் தெரிந்துவிடும். ஷூட்டில் ஒலிக்கவிட்டது பழைய மிக்ஸ் (குரலும் வாத்தியங்களும் சேர்த்துக் கலந்த ஒலி). இப்போது கையில் இருப்பது புது மிக்ஸ். நடுவில் யாரோ "கொஞ்சம் வேகம் கூட்டினால் துள்ளலாக இருக்குமே" என்று 120 பிபிஎம்மை (நிமிடத்துக்கு இத்தனை தாளத் தட்டு என்ற கணக்கு) 122 ஆக்கியிருக்கிறார். காதுக்கு வித்தியாசமே தெரியாது. ஆனால் 4 நிமிடப் பாட்டின் கடைசி வரிக்கு வரும்போது அந்த இரண்டு பிபிஎம் ஏறக்குறைய 4 விநாடி ஆகிவிடும்.

மியூசிக் வீடியோ எடிட்டிங்தான் எனக்குத் தொழில். இண்டி கலைஞர்களோடு, அதாவது பெரிய இசை நிறுவனம் இல்லாமல் தாங்களே பாட்டு வெளியிடுகிறவர்களோடு, வேலை செய்தால் எடிட்டோடு நிற்காது. அப்லோட், கவர் ஆர்ட், பெயர்ப்பட்டியல் எல்லாவற்றிலும் கை வைக்க வேண்டியிருக்கும். நான் பார்த்தவரை, ஒரு ரிலீஸ் சொதப்புவது ரிலீஸ் நாளன்று இல்லை, தேதியை வெளியே சொல்கிற அன்று. கீழே சொல்லும் தவறுகளில் முக்கால்வாசி அந்த ஒரு அவசரம் பெற்ற பிள்ளைகள்.

தேதி

எப்போது தேதி சொல்லலாம்? மூன்று விஷயங்கள் கையில் இருக்கும்போது. மாஸ்டர் (வெளியீட்டுக்கான கடைசி ஒலிச் சீரமைப்பு) ஆன இறுதி ஆடியோ, இனி ஒரு கட் கூட மாறாது என்று பூட்டிய எடிட், டிஸ்ட்ரிபியூட்டர் (பாட்டை ஸ்பாட்டிஃபை போன்ற தளங்களுக்குக் கொண்டுசேர்க்கும் நிறுவனம்) தரப்பிலிருந்து "சரி, ஏற்றுக்கொண்டோம்" என்ற பதில். மூன்றாவதைத்தான் எல்லோரும் மறக்கிறார்கள். கவர் ஆர்ட்டில் இன்ஸ்டாகிராம் பெயர் இருக்கிறது, பாடல் பெயரின் எழுத்து பொருந்தவில்லை என்று திருப்பி அனுப்பினால் நாலைந்து நாள் அதிலேயே போய்விடும்.

ஸ்பாட்டிஃபையின் பிளேலிஸ்ட் எடிட்டர்களுக்குப் பாட்டை அனுப்ப வேண்டுமென்றால், பாட்டு வெளிவருவதற்கு முன்பே அனுப்ப வேண்டும். வெளிவந்த பாட்டுக்கு அந்தக் கதவு இல்லை. குறைந்தது 7 நாள் முன்னால் அனுப்பினால், எடிட்டர் எடுத்தாலும் எடுக்காவிட்டாலும், உங்களைப் பின்தொடர்கிறவர்களின் 'ரிலீஸ் ரேடார்' பட்டியலில் அந்தப் பாட்டு போய் உட்காரும். 7 நாள் என்பது கடைசிக் கோடு. நான் நாலு வாரம் சொல்வேன். ஆல்பம் என்றால் இன்னொரு சங்கதி: ஒரு நேரத்தில் ஒரு பாட்டைத்தான் இப்படி அனுப்ப முடியும். பத்துப் பாட்டில் எதை முன்னால் நிறுத்துவது என்ற சண்டையைக் குழுவுக்குள் முதலிலேயே போட்டு முடித்துவிடுங்கள்.

ஏன் வெள்ளிக்கிழமை என்று கேட்டால் பலருக்குக் காரணம் தெரியாது. 2015 ஜூலை 10 முதல் உலக அளவில் புதுப் பாட்டுக்கான பொது நாளாக வெள்ளியை இசைத்துறை வைத்துக்கொண்டது. அதற்கு முன் நாட்டுக்கு நாடு வேறு வேறு கிழமை. சார்ட் கணக்கும் புதுப்பாட்டுப் பட்டியல்களும் அதையொட்டியே ஓடுகின்றன. ஆனால் அதே வெள்ளிக்கிழமைதான் எல்லாப் பெரிய பெயர்களும் வந்து இறங்குகிற நாள். ஆடியோவை வெள்ளியன்றும், வீடியோவை இரண்டு மூன்று நாள் தள்ளியும் விட்டால் ஒரு பாட்டைப் பற்றி இரண்டு முறை பேசலாம். இரண்டையும் ஒரே நிமிடத்தில் விட்டே ஆக வேண்டும் என்று எந்தச் சட்டமும் இல்லை.

ஷூட்டுக்கு முன் இருக்கும் ஓட்டைகள்

அந்த 120, 122 கதைக்கு வருகிறேன். சரிசெய்ய வழி உண்டு: மொத்த வீடியோவையும் 101.67 சதவீத வேகத்தில் ஓட்டினால் உதடு பொருந்திவிடும். ஆனால் 61 ஃபிரேமுக்கு (வீடியோவின் ஒவ்வொரு நிலைப்படமும் ஒரு ஃபிரேம்) ஒரு ஃபிரேம் காணாமல் போகும். ஆட்டம், வேகமான கட் இருக்கும் இடத்தில் யாருக்கும் தெரியாது. கேமரா மெதுவாக நகர்கிற ஷாட்டில் இரண்டரை விநாடிக்கு ஒருமுறை படம் விக்கும். ஒளிப்பதிவாளர் அரை நாள் தண்டவாளம் போட்டு எடுத்த ஷாட் அதுவாகத்தான் இருக்கும், எப்போதும்.

இதைத் தவிர்க்கச் செலவே இல்லை. ஷூட் நாளில் ஒலிக்கிற ஃபைல் ஒன்றே ஒன்று. பெயரில் தேதியும் பிபிஎம்மும் இருக்கட்டும். 'ஃபைனல்', 'ஃபைனல் நியூ', 'ஃபைனல் 3' என்று பெயர் வைத்த ஃபைல்களை நம்பாதீர்கள். எது கடைசி என்று வைத்தவருக்கே தெரியாது. மிக்ஸ் முடியவில்லை என்றால் முடியாத மிக்ஸிலேயே ஷூட் செய்யலாம், தப்பில்லை. வேகமும் பாட்டின் அமைப்பும் மட்டும் அதற்குப் பிறகு மாறவே கூடாது. ஒலி அளவு மாறலாம், கிடார் போய் வயலின் வரலாம், ஆனால் இடையிசை நாலு பார் (தாளச் சுற்று) நீளக் கூடாது.

அடுத்தது ஃபிரேம் ரேட், அதாவது விநாடிக்கு எத்தனை ஃபிரேம் என்பது. கேமராவில் 24, எடிட்டிங் டைம்லைனில் 23.976 என்று இருந்தால் வித்தியாசம் ஆயிரத்தில் ஒரு பங்கு. துண்டு துண்டாக வெட்டி ஒட்டும் வீடியோவில் அது மறைந்துவிடும். ஒரே டேக்கில் எடுத்த 4 நிமிட வீடியோவில் முடிவுக்குள் கால் விநாடி, அதாவது சுமார் 6 ஃபிரேம் நழுவியிருக்கும். இரண்டு மூன்று ஃபிரேம் போனாலே பார்க்கிறவருக்கு ஏதோ சரியில்லை என்று உறுத்த ஆரம்பித்துவிடும், காரணம் சொல்லத் தெரியாவிட்டாலும்.

ஸ்லோ மோஷனில் உதடசைவு வேண்டுமா? 48 ஃபிரேமில் எடுத்து 24-ல் ஓட்டப் போகிறீர்கள் என்றால் ஷூட்டில் பாட்டை இரட்டை வேகத்தில் ஒலிக்கவிட வேண்டும், பாடுகிறவர் அந்த வேகத்துக்கு வாயசைக்க வேண்டும். உடை மெதுவாகப் பறக்கும், முடி மெதுவாக அலையும், உதடு மட்டும் பாட்டோடு போகும். அழகான வித்தைதான். அந்த இரட்டை வேக ஃபைலை முதன்முதலாக ஷூட்டில் கேட்கிற பாடகரின் முகத்தைப் பார்க்க வேண்டும்! ஒரு வாரம் முன்னால் அனுப்பி வீட்டில் கண்ணாடி முன் பழகச் சொல்லுங்கள்.

விளக்குகளின் மினுக்கல் பற்றி ஒரு வரி: மின்சாரம் 50 ஹெர்ட்ஸ் உள்ள இடத்தில் கேமராவின் ஷட்டர் வேகம் 1/50 விநாடி, 60 ஹெர்ட்ஸ் உள்ள இடத்தில் 1/60. பின்னணியில் எல்ஈடி திரை இருந்தால் கேமரா மானிட்டரை நம்பாமல் ஒரு டெஸ்ட் ஷாட்டைப் பெரிய திரையில் பார்த்துவிடுங்கள்.

பெயரும் எண்ணும்

சலிப்பான வேலை, அதனால்தான் நடு இரவில் யாரோ ஒருவர் தூக்கக் கலக்கத்தில் நிரப்புகிறார். ஒவ்வொரு ஒலிப்பதிவுக்கும் ஐஎஸ்ஆர்சி என்று 12 இலக்க அடையாளம் உண்டு. எண்ணும் எழுத்தும் கலந்தது. சிங்கிளாக (தனிப் பாட்டாக) வந்த பாட்டு பிறகு ஆல்பத்திலும் வந்தால் அதே ஐஎஸ்ஆர்சியைத்தான் கொடுக்க வேண்டும். புதிதாக ஒன்று வாங்கிப் போட்டால், சிங்கிள் ஆறு மாதமாகச் சேர்த்த கேட்பு எண்ணிக்கை அங்கேயே நின்றுவிடும், ஆல்பத்தில் அதே பாட்டு பூஜ்ஜியத்திலிருந்து தொடங்கும். ரீமிக்ஸ், அகௌஸ்டிக் வடிவம் என்றால் அது வேறு பதிவு, வேறு எண். மியூசிக் வீடியோவுக்கும் தனி எண். ஆடியோவுடையதைத் தூக்கி வீடியோவுக்கு ஒட்டக்கூடாது.

கலைஞர் பெயரில் ஒரு எழுத்து மாறினால் இரண்டு கலைஞர்கள் பிறந்துவிடுவார்கள். ஒரு பாட்டில் இனிஷியலோடு, இன்னொன்றில் இனிஷியல் இல்லாமல். ஒரு முறை தமிழ் எழுத்தில், அடுத்த முறை ஆங்கில எழுத்தில். கேட்கிறவர் ஒரு பக்கத்தைப் பின்தொடர்வார், புதுப் பாட்டு இன்னொரு பக்கத்தில் இறங்கும். இதைவிட மோசம், அதே பெயருள்ள வேறொருவர் பக்கத்தில் உங்கள் பாட்டு போய் விழுவது. அப்லோட் செய்யும்போதே பழைய பக்கத்தின் இணைப்பைத் தேர்ந்தெடுத்துக் கொடுத்தால் தப்பிக்கலாம். கூடப் பாடியவரின் பெயரைப் பாடல் தலைப்பில் எழுதாமல் அதற்கென்று இருக்கும் கட்டத்தில் போடுங்கள்.

யாருக்கு எவ்வளவு?

இந்தப் பேச்சை எடுக்கத் தயங்குகிறவர்கள் நண்பர்கள்தான். "நமக்குள்ள என்ன கணக்கு?" என்பார்கள். பாட்டு ஓடாதவரைக்கும் கணக்கு இல்லைதான்.

சட்டப்படி ஒரு பாட்டு என்பது இரண்டு சொத்து: எழுதி மெட்டமைத்தது ஒன்று, பாடிப் பதிவு செய்தது இன்னொன்று. வரி எழுதியவர், மெட்டுப் போட்டவர், தயாரித்தவர், பாடியவர் ஆகியோருக்கு இரண்டிலும் என்ன பங்கு என்று ஒரே ஒரு பக்கத்தில் எழுதி, பாட்டு பதிவான வாரமே கையெழுத்து வாங்கிவிடுங்கள். வீடியோ எடிட்டருக்கும் நடனக் கலைஞருக்கும் பங்கா, சம்பளமா என்பதும் அதிலேயே இருக்கட்டும். (எடிட்டர் சொல்கிறேன், கேளுங்கள்.)

இணையத்தில் வாங்கும் பீட்களில் (மேலே பாடுவதற்கென்று விற்கும் பின்னணி இசை) ஒரு கண்ணிவெடி இருக்கிறது. குறைந்த விலை லைசென்ஸ் பெரும்பாலும் உங்களுக்கு மட்டுமானது இல்லை. அதே பீட்டில் இன்னும் பல பேர் பாடியிருப்பார்கள். அப்படிப்பட்ட பாட்டை யூடியூபின் கன்டென்ட் ஐடியில் (பிறர் வீடியோக்களில் உங்கள் ஒலியைத் தானாகக் கண்டுபிடிக்கும் அமைப்பு) பதிவு செய்யக் கூடாது. முழு உரிமையும் உங்களிடம் மட்டுமே இருக்கும் ஒலிக்குத்தான் அது. அப்லோட் பக்கத்தில் அந்தப் பெட்டியை டிக் செய்துவிட்டால் பிறருடைய வீடியோக்கள் மேல் உங்கள் பெயரில் உரிமைக் கோரிக்கை போகும். அல்லது அவர்கள் முந்திக்கொண்டால், சொந்தப் பாட்டின் வீடியோவில் வருமானம் வேறொருவருக்குப் போவதை நீங்கள் வேடிக்கை பார்க்க வேண்டியதுதான்.

பிறர் பாட்டைக் கவர் செய்கிறவர்களுக்கு: ஆடியோவாக வெளியிட வாங்கிய உரிமம் வீடியோவுக்குச் செல்லாது. ஒலியைப் படத்தோடு இணைக்கிற சிங்க் உரிமை தனி, அதை மெட்டின் உரிமையாளரிடமே கேட்க வேண்டும்.

ஏற்றும்போது

யூடியூபில் ஒரு வீடியோவை வெளியிட்ட பிறகு அதே இணைப்பில் வேறு ஃபைலை மாற்றி வைக்க முடியாது. கொஞ்சம் வெட்டலாம், முகத்தை மங்கலாக்கலாம், அவ்வளவுதான். நன்றிப் பட்டியலில் டிரம்மர் பெயரில் எழுத்துப்பிழை என்றால் இரண்டே வழி: பிழையோடு வாழ்வது, அல்லது பார்வை, கருத்து, பகிர்ந்த இணைப்பு எல்லாவற்றையும் இழந்து மறுபடி ஏற்றுவது. ஆகவே ஒரு வாரம் முன்னால் பிரைவேட்டாக ஏற்றிவிட்டு, பாட்டில் சம்பந்தமே இல்லாத ஒருவரை ஃபோனில் ஒரு முறை, டிவியில் ஒரு முறை பார்க்கச் சொல்லுங்கள். நூறு முறை பார்த்த நம் கண்ணுக்குப் பிழை தெரியாது. ஒரு வீடியோவில் ஜன்னல் கண்ணாடியில் என் லைட்மேன் டீ குடித்துக்கொண்டிருந்ததை முதலில் பார்த்தது பாடகரின் தங்கை.

'குழந்தைகளுக்கானது' என்ற அமைப்பைத் தெரியாமல் தேர்ந்தெடுத்தால் கருத்துப் பகுதி மூடிவிடும். பளிச் பளிச்சென்று வெட்டும் ஒளி ஒரு விநாடிக்கு மூன்று முறைக்கு மேல் வேண்டாம்; ஒளியால் வலிப்பு வரக்கூடியவர்கள் பார்க்கிறவர்களில் இருப்பார்கள். தவிர்க்கவே முடியாது என்றால் தொடக்கத்தில் எச்சரிக்கை போடுங்கள்.

சத்தம் அதிகமாக மாஸ்டர் செய்தால் தனித்துத் தெரியும் என்பது பழைய நம்பிக்கை. ஸ்பாட்டிஃபை மைனஸ் 14 எல்யூஎஃப்எஸ் (பாட்டின் சத்தத்தை அளக்கும் அலகு) அளவுக்கு எல்லாப் பாட்டையும் சமன் செய்கிறது. மைனஸ் 8-ல் அமுக்கிக் கொடுத்ததை 6 டெசிபல் குறைத்துத்தான் ஒலிக்கும். நசுங்கிய டிரம்ஸ் மட்டும் நசுங்கியே இருக்கும்.

பார்வை வாங்குவது, ஸ்ட்ரீம் வாங்குவது: செய்யாதீர்கள். 2024 முதல், போலி ஸ்ட்ரீம் அப்பட்டமாகத் தெரிந்தால் ஸ்பாட்டிஃபை டிஸ்ட்ரிபியூட்டருக்கு அபராதம் போடுகிறது. அது சுற்றி வந்து உங்கள் தலையில் விழும், பாட்டும் காணாமல் போகலாம். அதே ஆண்டு முதல், 12 மாதத்தில் 1,000 ஸ்ட்ரீமைத் தொடாத பாட்டுக்கு அங்கே ஒலிப்பதிவுக்கான ராயல்டி கிடையாது என்ற விதியும் இருக்கிறது. அந்த ஆயிரத்தைக் காசு கொடுத்துத் தாண்ட நினைக்கிறவர்கள்தான் பெரும்பாலும் மாட்டுகிறார்கள்.

ஆல்பம் என்றால்

எட்டுப் பாட்டு ஆல்பத்தில் ஆறு பாட்டை முன்கூட்டியே சிங்கிளாக விட்டுவிட்டு, ஆல்பம் வரும் நாளில் "என்ன புதுசு?" என்று கேட்கவைக்கிறார்கள். மூன்று போதும் என்பது என் கட்சி. வினைல் தட்டு போடுகிற ஆசை இருந்தால் அதன் தேதி உங்கள் கையில் இல்லை. அச்சிட்டு வர மாதக்கணக்கில் ஆகும். 33⅓ வேகத்தில் சுழலும் 12 அங்குலத் தட்டில் ஒரு பக்கத்துக்கு ஏறக்குறைய 20 நிமிடம்தான் நன்றாக ஒலிக்கும். பாட்டு வரிசையை அதற்கேற்ப மாற்ற வேண்டிவரும், ஆகவே வரிசையை அறிவிக்கும் முன் இதை யோசியுங்கள்.

போஸ்டர் ஏற்கெனவே போய்விட்டது, மாஸ்டர் வரவில்லை என்றால்? தள்ளிப் போடுங்கள். முதலில் டிஸ்ட்ரிபியூட்டர் பக்கத்தில் தேதியை மாற்றுங்கள், பிறகு யூடியூப் பிரீமியரை (குறித்த நேரத்தில் நடக்கும் முதல் ஒளிபரப்பு), கடைசியாகப் போஸ்டரை. இந்த வரிசை தலைகீழானால் பழைய தேதியில் ஏதோ ஒரு தளத்தில் பாட்டு கசிந்துவிடும். "இரண்டு வாரம் தள்ளி வருகிறோம்" என்று ஒரே வரி எழுதினால் போதும், நீண்ட மன்னிப்புக் கடிதம் வேண்டாம். காத்திருந்தவர்கள் புதுத் தேதியைக் குறித்துக்கொள்வார்கள். மற்றவர்கள் முதல் போஸ்டரையே கவனித்திருக்க மாட்டார்கள்.