வாட்ஸப்புல குசும்பு பண்ணா அது குசும்புன்னு தெரியணும், அதுக்கு எப்படி எழுதறதுங்க?

கோயமுத்தூர் குசும்புன்னு நாம பேர் வாங்குனது வாயால பேசித்தானுங்க, டைப் பண்ணி இல்ல. கல்யாண மண்டபத்து வாசல்ல லேட்டா வர்ற மச்சானப் பாத்து "வாங்க வாங்க, உங்களுக்கோசரம்தான் பந்தியே போடாம வெச்சிருக்கறோம்"னு சொன்னா அவரும் சிரிச்சுட்டே உள்ள போயிருவாரு. அதையே குடும்ப க்ரூப்புல டைப் பண்ணிப் பாருங்க, ஒருத்தரு நெசமாவே பந்தி நிக்குதுன்னு வண்டிய முறுக்கிட்டு வருவாரு, இன்னொருத்தரு நம்மளக் குத்திக் காட்டறாங்கன்னு கோவிச்சுட்டு மொய் எழுதவே வரமாட்டாரு. எழுத்து அதேதான், ஆனா மொகமும் இழுப்பும் அதுகூட போய்ச் சேரல.

நம்ம பக்கத்துல இது இன்னும் கொஞ்சம் கஷ்டம், ஏன்னா மத்த ஊர்ல ஃப்ரெண்டுக்கு திடீர்னு மரியாதைய கூட்டிக் குடுத்தாலே நக்கல்னு தெரிஞ்சிரும், நாம பால்காரருக்கும் ங்க போடறோம், பத்து வயசுப் பையனுக்கும் ங்க போடறோம். அப்ப நெச மரியாதையும் நக்கல் மரியாதையும் ஸ்கிரீன்ல ஒரே மாதிரிதான் தெரியும். "நீங்க சொன்னா சரியாத்தானுங்க இருக்கும்" – இது பணிவா, கிண்டலா? பேச்சுல அந்தக் கடைசி ங்க எவ்வளவு நீளுதுன்னு வெச்சே காது கண்டுபிடிச்சிரும், எழுத்துல அது தானா வராது. சென்னைக்காரங்களோ மதுரைக்காரங்களோ க்ரூப்புல இருந்தா இன்னும் மோசம், அவங்களுக்கு நம்ம சாதாரண மரியாதையே நக்கல் மாதிரி படும்.

இது நம்ம ஊர் பிரச்சன மட்டும் இல்லீங்க. 2005ல ஜஸ்டின் க்ரூகர், நிக்கோலஸ் எப்லி இன்னும் ரெண்டு பேரு சேந்து அமெரிக்காவுல ஒரு ஆராய்ச்சி போட்டாங்க, மாணவர்கள விட்டு நக்கலும் சீரியஸும் கலந்த வாக்கியங்கள மெயில்லயும் குரல்லயும் அனுப்பச் சொல்லி. அனுப்புனவங்க எதுல அனுப்புனாலும் நூத்துக்கு 78 சரியாப் புரியும்னு நம்புனாங்க, குரல்ல கிட்டத்தட்ட அந்த அளவுக்கே புரிஞ்சுது, மெயில்ல 56தான். காசு சுண்டிப் போட்டுச் சொன்னாலே 50 வந்துரும்ங்கறத நெனச்சுப் பாருங்க. காரணம் என்னன்னா டைப் பண்றப்ப நம்ம தலைக்குள்ள நம்ம குரலே ஓடிட்டு இருக்கும், அதனால படிக்கறவங்களுக்கும் அதே குரல் கேக்கும்னு நெனச்சுக்கறோம்.

அதனால மொத வேல, அனுப்பறதுக்கு முன்னால அத ரேடியோ செய்தி வாசிக்கற மாதிரி ஒரே குரல்ல, இழுப்பு எதுவும் இல்லாம ஒருக்கா வாய்விட்டுப் படிங்க. அப்பவும் நக்கலாத் தெரிஞ்சா அனுப்பலாம், பாராட்டாவோ திட்டாவோ தெரிஞ்சா வாக்கியத்துக்குள்ளயே ஏதாவது மாத்தணும்.

மாத்தறதுக்கு வெளிய எங்கயும் போக வேண்டாம், தமிழ்லயே நெம்ப நல்ல சாமானெல்லாம் இருக்குது. "அவரு பிஸி"ன்னா தகவல், "அவரு பிஸியாம்"னா நாம நம்பலைன்னு லேசாத் தெரியும், "அவரு பெரிய பிஸியாமா"ன்னா சந்தேகமே இல்ல. "எங்களுக்குத் தெரியாது"ங்கறது வேற, "எங்களுக்குத் தெரியாதாக்கும்"ங்கறது வேற. இந்த ஆம், ஆமா, ஆக்கும், முன்னால ஒரு அடேங்கப்பா, ஒரு க்கும், இதெல்லாம் குரலோட வேலைய எழுத்துலயே செய்யுது. இங்கிலீசுல எழுதறவங்களுக்கு இந்த வசதி கம்மி, அதனாலதான் அவங்க பெரிய எழுத்துல கத்தறதும் கடைசியில சிலாஷ் எஸ் (/s, இது நக்கல்னு சொல்ற குறி) போடறதுமா இருக்காங்க. நாம இருக்கறத விட்டுப்போட்டு அத காப்பி அடிக்க வேண்டியதில்லைன்னு நான் உறுதியா நெனைக்கறேன், நம்ம அமுச்சிக்கு சிலாஷ் எஸ்ஸுன்னா என்னன்னு தெரியாது, ஆக்கும்னா சட்டுனு தெரியும்.

அப்பறம் இழுக்கறது. தமிழ்ல பெரிய எழுத்து சின்ன எழுத்து கெடையாது, ஆனா எழுத்த நீட்டறதுக்கு எலக்கணமே இருக்குது, அளபெடைன்னு ஸ்கூல்ல படிச்சிருப்பீங்க. நம்ம பெருந்துறைக்குப் பக்கத்துல சீனாபுரத்துக்காரருன்னு சொல்றாங்களே பவணந்தி முனிவர், அவரோட நன்னூல்லயே உயிரளபெடை, ஒற்றளபெடைன்னு ரெண்டும் வருது, செய்யுள்ல ஓசை கொறையறப்ப எழுத்த நீட்டி எழுதறது. நாம "நெம்ம்ம்ப நல்லதுங்க"ன்னு டைப் பண்றதும் அந்த வழிதான், ஓச பத்தாத எடத்துல எழுத்தப் போட்டு நெரப்பறோம். ஆனா ஒரு மெசேஜுக்கு ஒரு வார்த்தய மட்டும் நீட்டுங்க, எது பொய்யோ அந்த வார்த்தய. எல்லாத்தயும் நீட்டுனா கொஞ்சற மாதிரி ஆயிரும்.

பத்திரிகைக்காரங்க ரொம்ப காலமா பண்ற ஒண்ணு இருக்குது, வார்த்தைக்குப் பக்கத்துல அடைப்புக்குறிக்குள்ள ஆச்சரியக்குறி: "நம்ம அறிவாளி(!) சொல்லிட்டாரு". இல்லாட்டி ஒத்த மேற்கோள்ல 'தியாகி'ன்னு போடறது. பெரியவங்க இத பேப்பர்ல படிச்சுப் பழகுனவங்க, அவங்க இருக்கற க்ரூப்புக்கு எமோஜிய விட இது நல்லா வேலை செய்யும். வயசுப் பசங்களுக்கு வாட்ஸப்புல அடிச்சு எழுதற வசதி இருக்குது, வார்த்தைக்கு ரெண்டு பக்கமும் அலைக்கோடு குறி போட்டா நடுவுல கோடு விழுந்துரும், "தம்பி ராத்திரி பூரா ~தூங்கி~ படிச்சு பரீட்சைக்குப் போயிருக்காரு"ன்னு எழுதுனா யாருக்கும் தப்பாப் போகாது.

எமோஜிக்கு முன்னாடியே வந்த சிரிப்பு மொகக் குறி பொறந்த கதையே நம்ம விஷயந்தானுங்க. 1982 செப்டம்பர் 19ல கார்னெகி மெலன் பல்கலைக்கழகத்துல ஸ்காட் ஃபால்மன்னு ஒருத்தரு கோலன், சின்னக்கோடு, அடைப்புக்குறி மூணையும் ஒட்டுக்கா போட்டா சிரிப்பு மொகம், இனிமே ஜோக்குக்கு இதப் போடுங்கன்னு எழுதுனாரு. ஏன்னா அங்க கம்ப்யூட்டர் போர்டுல லிஃப்ட்டுக்குள்ள பாதரசம் கொட்டிருச்சுன்னு வெளையாட்டுக்கு ஒருத்தர் எழுத, அத நெசம்னு சில பேர் நம்பிட்டாங்க. இன்னைக்கும் அதே வேலைக்குத்தான் அது, ஆனா ஒண்ணு கவனிங்க, தலகீழா சிரிக்கற மொகமும் மண்டையோடும் பசங்களுக்கு மட்டும்தான் சிரிப்பு, பெரியப்பாவுக்கு மண்டையோடு அனுப்புனா சாவு சமாச்சாரம்னு பதறிருவாரு. பெரியவங்களுக்கு கண்ணுல தண்ணி வர சிரிக்கற மொகமே போதும். கட்டவெரல் நெம்ப ஆபத்து, அவங்களுக்கு அது "ஆகட்டும்", பசங்களுக்கு அது "போதும் நிறுத்து".

இன்னும் ஒரு நல்ல வழி, பொய்ய நம்ப முடியாத அளவுக்குப் பெருசாக்கறது. "நீங்க நல்லா சமைக்கறீங்க"ங்கறது கெணத்துல போட்ட கல்லு. "உங்க ரசத்தக் குடிச்சுட்டு சிறுவாணி ஆறே வழி கேட்டு வந்துட்டு இருக்குதுங்க"ன்னு எழுதுனா வெளையாட்டுன்னு யாருக்கும் தெரியும். அரகொறயா பெருசாக்குனாத்தான் வம்பு.

க்ரூப்புல பதில் போட்டா அந்த மெசேஜயே இழுத்து ரிப்ளை போடுங்க. நடுவுல பத்து குட் மார்னிங் விழுந்துருச்சுன்னா உங்க நக்கல் யாரோ ஒருத்தரோட பிறந்தநாள் வாழ்த்துக்குக் கீழ போய் உக்காந்துரும்.

எங்க பண்ணவே கூடாதுன்னும் சொல்லிப்போடறேன், இதுல நான் விட்டுக்குடுக்கவே மாட்டேன். ஆஸ்பத்திரி, சாவு, கடன், சீர்வரிசை, பொண்ணு மாப்ள பாக்கற பேச்சு, சம்மந்தி க்ரூப்பு – இங்கெல்லாம் நேரா எழுதுங்க. வேலையிலயும் அப்படித்தான். திருப்பூர்ல பனியன் கம்பெனி மெர்ச்சண்டைசர் ஒருத்தரு சாயப்பட்டறைக்கு "சூப்பரா சாயம் போட்டுருக்கீங்க, ஒரே கலர்ல நாலு ஷேடு"ன்னு அனுப்புனா, அந்தப் பக்கம் மொத பாதிய மட்டும் படிச்சுட்டு மிச்சத் துணியயும் அதே மாதிரி போட்டு அனுப்பறதுக்கு எடம் இருக்குது. "ஷேடு மாறியிருக்குது, லாட்ட நிறுத்துங்க"ன்னு எழுதுனா துணியாவது மிஞ்சும். வெளிநாட்டு பையருக்குப் போற மெயில்ல நக்கல் ஒரு சொட்டு கூட வேண்டாம், அது அப்படியே ரெக்கார்டா நிக்கும்.

படிக்கற பக்கம் இருந்தாலும் கொஞ்சம் பொறுங்க. எப்பவும் "சரிங்"னு எழுதறவரு திடீர்னு "சரி"ன்னு எழுதி முற்றுப்புள்ளி வெச்சுட்டா மனசு சுருக்குங்குது, பிங்காம்டன் பல்கலைக்கழகத்துல 2015ல வெளியிட்ட ஆராய்ச்சியிலயும் ஒத்த வார்த்தை பதிலுக்குப் புள்ளி வெச்சா மனசோட சொன்ன மாதிரி தெரியலைன்னுதான் மாணவர்கள் சொன்னாங்க. ஆனா எழுபது வயசுக்காரருக்கு புள்ளி வெக்கறது ஸ்கூல்ல வாத்தியார் சொல்லிக் குடுத்த பழக்கம், மூணு புள்ளி வெச்சா மூச்சு விடறாருன்னு அர்த்தம், கோவம் இல்ல. சந்தேகமா இருந்தா "நெசமாத்தான் சொல்றீங்களா, வெளையாட்டுக்காங்க?"ன்னு கேட்டுருங்க.

நீங்க எழுதுனதுதான் தப்பாப் போயிருச்சுன்னா வாட்ஸப்புல 15 நிமிசத்துக்குள்ள திருத்திக்கலாம், ஒரு ஆக்கும் சேத்தாலே போதும். அழிக்காதீங்க, அழிச்ச மெசேஜோட தடம் அங்கயே நிக்கும், என்னமோ பெருசா திட்டிட்டாங்கன்னு கற்பன பண்ணிக்குவாங்க. நேரம் தாண்டிருச்சுன்னா வாய்ஸ் நோட்டு போடுங்க, இல்லாட்டி போனப் போட்டுப் பேசுங்க. "ஜோக்கு கூட புரியலயா"ன்னு மட்டும் கேட்டுப்போடாதீங்க, "நான் வெளையாட்டுக்கு எழுதுனதுங்க, மனசு கஷ்டமாயிருந்தா மன்னிச்சுக்கோங்க"ன்னு சொல்லுங்க, அதயும் தனியா சொன்னது போக எந்த க்ரூப்புல எழுதுனீங்களோ அங்கயே ஒரு வரி போட்டுருங்க, ஏன்னா அவரக் கிண்டல் பண்ணத அத்தன பேரும் பாத்திருக்காங்க.