மடத்தனமாகப் பேசிவிடாமல் தப்பிப்பது எப்படி?

வீட்டை விட்டுக் கிளம்பும்போது நபி (ஸல்) அவர்கள் ஓதிய ஒரு துஆவை (பிரார்த்தனையை) அவர்களுடைய மனைவி உம்மு ஸலமா (ரலி) அறிவிக்கிறார்கள், அபூதாவூத், திர்மிதி ஆகிய நபிமொழித் தொகுப்புகளில் இருக்கிறது. வழி தவறுவதிலிருந்தும் அநியாயம் செய்வதிலிருந்தும் செய்யப்படுவதிலிருந்தும் பாதுகாப்புக் கேட்டுக்கொண்டே வந்து, கடைசியில் 'அவ் அஜ்ஹல அவ் யுஜ்ஹல அலய்ய' என்று முடியும். நான் யாரிடமும் மடத்தனமாக நடந்துகொள்ளக் கூடாது, என்னிடமும் யாரும் அப்படி நடந்துகொள்ளக் கூடாது என்று பொருள். செருப்பை மாட்டும் நேரத்தில் கேட்கிற விஷயமா இது என்று எனக்கு முதலில் தோன்றியது. ராத்திரி படுத்துக்கொண்டு அன்றைக்கு வாய் என்னென்ன பேசியது என்று ஓட்டிப் பார்த்தால் அப்படித் தோன்றாது.

முதல் வேலை, அந்த 'அஜ்ஹல'வின் வேரிலிருந்தே வரும் 'ஜாஹில்' என்ற சொல்லைச் சரியாகப் பிடிப்பது. படிக்காதவன், விவரம் இல்லாதவன் என்றுதான் நாம் எடுத்துக்கொள்கிறோம். ஆனால் அரபியில் ஜஹ்லுக்கு (மடமைக்கு) எதிராக இல்ம் (அறிவு) மட்டும் இல்லை, ஹில்மும் நிற்கிறது. ஹில்ம் என்றால் நிதானம், பதிலடி கொடுக்கத் தெம்பு இருந்தும் கையையும் வாயையும் அடக்கி வைப்பது. அதனால் நாலு பட்டம் வாங்கியவரும் ஒரு கமெண்ட் போட்டு ஜாஹில் ஆகலாம், எழுதப் படிக்கத் தெரியாத பாட்டி ஹில்ம் உள்ளவராக இருக்கலாம். குர்ஆனிலேயே பாருங்கள்: ஒரு மாட்டை அறுக்கும்படி அல்லாஹ் கட்டளையிடுகிறான் என்று மூஸா (அலை) சொன்னதும், 'எங்களைக் கிண்டல் செய்கிறீரா?' என்று மக்கள் கேட்டார்கள். அவர் வெறுமனே 'இல்லை' என்று சொல்லவில்லை, 'மூடர்களில் ஒருவனாக ஆகிவிடாமல் அல்லாஹ்விடம் பாதுகாப்புத் தேடுகிறேன்' என்றார் (2:67). தீவிரமான விஷயத்தில் கிண்டல் செய்வதே அவர் கணக்கில் மடமை. அடுத்தவர் மார்க்கக் கேள்வி கேட்கும்போது சிரிப்பு எமோஜி போடும் பழக்கம் இருந்தால் இந்த இடத்தில் கொஞ்சம் நில்லுங்கள்.

அப்புறம் செய்தி. என் கதையையே சொல்கிறேன். குடும்பக் குழுவில் ஒரு பெரியவர் மவுத்தாகிவிட்டார் (இறந்துவிட்டார்) என்று வந்தது, நான் உடனே 'இன்னா லில்லாஹி' போட்டு, அதோடு நிற்காமல் இன்னும் மூன்று குழுக்களுக்குத் தள்ளிவிட்டேன். பத்து நிமிஷத்தில் அந்தப் பெரியவரின் மகனே போன் செய்து, 'அத்தா பக்கத்துலதான் உட்கார்ந்து டீ குடிக்கிறாங்க' என்றார். அதே பெயரில் வேறு யாரோ. அந்த போனை வைத்த பிறகுதான் குர்ஆனின் 49:6 எனக்கு வசனமாக இல்லாமல் வேலையாகப் புரிந்தது: நம்பத்தகாத ஒருவர் செய்தி கொண்டுவந்தால் தீர விசாரித்துக்கொள்ளுங்கள், இல்லாவிட்டால் 'பி ஜஹாலத்தின்', அதாவது அறியாமல், ஒரு கூட்டத்துக்குத் தீங்கு செய்துவிட்டு, செய்ததை நினைத்து வருந்துவீர்கள். கேட்டதையெல்லாம் சொல்வதே ஒருவர் பொய்யர் என்பதற்குப் போதும் என்ற நபிமொழி ஸஹீஹ் முஸ்லிம் என்ற நபிமொழித் தொகுப்பின் முன்னுரையிலேயே இருக்கிறது. கவனியுங்கள், கட்டிவிட்டவரை மட்டும் சொல்லவில்லை, கேட்டதைக் கேட்டபடி கடத்துபவரையும் சேர்த்துத்தான்.

இப்போது நான் வைத்திருக்கும் வழக்கம் எளிது. மரணம், ஒருவரின் மானம், மார்க்கத் தீர்ப்பு, இந்த மூன்றில் எது வந்தாலும் சம்பந்தப்பட்டவருக்கு நெருக்கமான ஒருவரிடம் கேட்காமல் அனுப்புவதில்லை. கேட்க ஆள் இல்லையா, அந்தச் செய்தி என்னோடு நின்றுவிடும். மானம் சம்பந்தப்பட்டதில் இன்னொன்றும் உண்டு: உண்மையாகவே இருந்தாலும் அவர் இல்லாத இடத்தில் பேசினால் அது புறம், பொய்யாக இருந்தால் அவதூறு. விசாரித்துவிட்டேன் என்பது பரப்புவதற்கான அனுமதிச்சீட்டு இல்லை.

கோபத்துக்கு வருவோம். அறிவுரை கேட்டு வந்தவரிடம் நபியவர்கள் 'கோபப்படாதே' என்று மட்டும் சொன்னார்கள், அவர் திரும்பத் திரும்பக் கேட்டும் அதே பதில்தான் (புகாரி என்ற நபிமொழித் தொகுப்பு). கோபம் வந்துவிட்டால் என்ன செய்வது என்பதற்கு அபூதாவூதில் வழி இருக்கிறது: நின்றால் உட்காருங்கள், அப்படியும் போகவில்லையென்றால் படுத்துக்கொள்ளுங்கள். நம் காலத்துக்கு நான் சேர்த்துக்கொண்டது, போனைத் திரை கீழே இருக்கும்படி கவிழ்த்து வைப்பது. அது ஹதீஸ் (நபிமொழி) இல்லை, என் பழக்கம். குரல் செய்தி மட்டும் அந்த நேரத்தில் வேண்டவே வேண்டாம். எழுத்தையாவது அனுப்பும் முன் திரும்பப் படிப்போம், குரலை யாரும் அப்படிக் கேட்டுப் பார்ப்பதில்லை.

சரி, நாம் அடங்கி இருக்கிறோம், எதிரில் வருபவர் அடங்கவில்லையே? கஷ்டமான பகுதி இதுதான். ரஹ்மானின் (அருளாளனான இறைவனின்) அடியார்களிடம் மூடர்கள் பேச வந்தால் 'ஸலாம்' என்பார்கள் என்கிறது 25:63. இதைப் பலரும் கெடுத்துவிடுகிறோம். 'உங்களை மாதிரி ஜாஹில்களுக்கு ஸலாம்தான்' என்று எழுதினால் அது ஸலாம் இல்லை, திட்டு. எதிரே இருப்பவர் ஜாஹில் என்பதை அவருக்கு அறிவிக்கும் பொறுப்பு உங்களுடையது இல்லை, அது மனதுக்குள் இருக்கட்டும். 'நீங்கள் சொன்னதைக் கேட்டுக்கொண்டேன், பிறகு பேசலாம்' என்று முடித்தால் போதும். நோன்பாளியிடம் யாராவது சண்டைக்கு வந்தால் 'நான் நோன்பு வைத்திருக்கிறேன்' என்று சொல்லச் சொன்னதும் இந்த வகைதான், தன்னைப் பற்றிய வாக்கியம், அவரைப் பற்றியது இல்லை.

அதிகாரம் கையில் இருக்கும்போது இது இன்னும் கடினம். கலீஃபா உமர் (ரலி) அவர்களிடம் உயைனா பின் ஹிஸ்ன் வந்து, 'நீர் எங்களுக்கு அள்ளித் தருவதுமில்லை, நீதியாகத் தீர்ப்பளிப்பதுமில்லை' என்று முகத்துக்கு நேரே சொன்னார். உமர் அடிக்கப் போகும் அளவுக்குக் கோபப்பட்டார்கள். பக்கத்திலிருந்த ஹுர் பின் கைஸ், 'மன்னிப்பைக் கைக்கொள்வீராக, நன்மையை ஏவுவீராக, மூடர்களைப் புறக்கணிப்பீராக' என்ற 7:199 வசனத்தை ஓதி, 'இவரும் மூடர்களில் ஒருவர்தான்' என்றார். அந்த வசனத்தைத் தாண்டி உமர் ஒரு அடி எடுத்து வைக்கவில்லை என்கிறார் இதை அறிவிக்கும் நபித்தோழர் இப்னு அப்பாஸ் (புகாரி). நமக்கும் அப்படி ஒரு ஹுர் வேண்டும். மனைவியோ நண்பரோ, 'போதும், விடு' என்று சொல்லும் உரிமையை ஒருவருக்கு முன்கூட்டியே கொடுத்து வையுங்கள், சூடாக இருக்கும்போது அதைக் கொடுக்க மாட்டீர்கள்.

புறக்கணி என்றால் தவறைத் திருத்தாதே என்று அர்த்தம் இல்லை. பள்ளிவாசலுக்குள்ளேயே சிறுநீர் கழித்த கிராமவாசியின் மீது மக்கள் பாய்ந்தபோது, அவரை விட்டுவிடச் சொல்லி, அந்த இடத்தில் ஒரு வாளித் தண்ணீரை ஊற்றச் சொன்னார்கள் நபியவர்கள். வாளித் தண்ணீரில் தீர்வதற்குக் கைகலப்பு எதற்கு?

நடத்தையில் விவேகம் என்பதைச் சுருக்கமாகச் சொல்லிவிடலாம்: ஒரே பொந்தில் இருமுறை கொட்டுப்படாதீர்கள், ஒட்டகத்தைக் கட்டிவிட்டு அல்லாஹ்வின் மீது தவக்குல் (நம்பிக்கை) வையுங்கள், பணத்தைப் பராமரிக்கத் தெரியாதவர் கையில் சொத்தைக் கொடுக்காதீர்கள் என்று 4:5 சொல்வதைப் பாசம் என்ற பெயரில் மீறாதீர்கள்.

இவ்வளவுக்குப் பிறகும் வாய் தவறும். நபித்தோழர் அபூதர் (ரலி) ஒருவரை அவருடைய தாயைச் சொல்லித் திட்டிவிட்டார்கள். பயான்களில் (மார்க்கச் சொற்பொழிவுகளில்) திட்டப்பட்டவர் பிலால் (ரலி) என்பார்கள், புகாரியின் அறிவிப்பில் பெயர் இல்லை. 'உம்மிடம் ஜாஹிலிய்யா (அறியாமைக் காலக் குணம்) இருக்கிறது' என்று நபியவர்கள் அபூதரிடமே சொன்னார்கள், உங்கள் பொறுப்பில் இருப்பவர்களுக்கு நீங்கள் உடுத்துவதையே உடுத்தக் கொடுங்கள் என்றும் சொன்னார்கள். தவறை மறைக்கவோ, அந்த ஆள் முதலில் என்ன சொன்னார் தெரியுமா என்று இழுக்கவோ வேண்டாம், நேரில் மன்னிப்புக் கேளுங்கள், குழுவில் பேசியிருந்தால் அதே குழுவில் கேளுங்கள். இந்தச் சம்பவத்தையே அபூதர்தான் தன் வாயால் சொன்னார். பிற்காலத்தில் ரபதா என்ற இடத்தில் அவரையும் அவருடைய பணியாளரையும் ஒரே மாதிரி உடையில் பார்த்த ஒருவர், இது ஏன் என்று கேட்டதற்குத்தான்.