படலம் எங்கே போனது?

200 மைக்ரான் (0.2 மில்லிமீட்டர்) விட்டமுள்ள குழாயில் நீர் கொதிப்பதைக் கணினியில் உருவகப்படுத்தினேன். குமிழி கடந்த இடமெல்லாம் சுவர் காய்ந்து, வெப்பநிலை கிடுகிடுவென ஏறியது. நீர் ஆவியாகும் வேகத்தைத் தீர்மானிக்கும் ஆவியாதல் குணகத்தை இரண்டு வாரம் மாற்றி மாற்றிப் பார்த்தேன்; பலனில்லை.

பிறகு, குழாயில் நகரும் குமிழியைச் சுற்றித் தங்கும் படலத்தின் தடிமனைக் கணிக்க 1961-இல் பிரெதர்டன் என்ற ஆய்வாளர் தந்த சூத்திரத்தில் என் எண்களைப் போட்டேன். நொடிக்கு அரை மீட்டர் வேகத்தில், குமிழிக்கும் சுவருக்கும் இடையே தங்கும் நீர்ப் படலத்தின் தடிமன் சுமார் 2.4 மைக்ரான்தான்! கணக்குக்காகக் குழாயை நான் பிரித்திருந்த கட்டங்களோ ஒவ்வொன்றும் 5 மைக்ரான். படலம் அரைக் கட்டத்துக்குள் தொலைந்துபோயிருக்கிறது. சுவரின் வெப்பத்தை வாங்கி ஆவியாவதே அந்தப் படலம்தானே!

சுவரோரக் கட்டங்களை மட்டும் 0.4 மைக்ரானாகச் சிறிதாக்கினேன். கணக்கின் ஒவ்வொரு படிக்குமான நேர இடைவெளியையும் குறைக்க வேண்டியிருந்ததால் கணக்கு நான்கு நாள் ஓடியது. ஐந்தாம் நாள் காலையில், குமிழியைச் சுற்றி மெல்லிய நீலக் கோடாகப் படலம் தெரிந்தது. சுவர் வெப்பநிலையும் அடங்கியிருந்தது.