டாச்சிங்கை முதலில் தூக்குங்கள்: யூனியில் திட்டப் பணம் கேட்கும் முறை

சுங்கை சிப்புட்டிலிருந்து பல்கலைக்கழகம் போகும் தம்பி தங்கைகளில் ஆண்டுக்கு நாலைந்து பேராவது என்னிடம் இதே கேள்வியோடு வருகிறார்கள். "அக்கா, நம்ம தோட்டத்துக்கு ஏதாவது செய்யணும். யூனியில காசு குடுப்பாங்களாமே, எப்படிக் கேக்கறது?" ஒவ்வொருவருக்கும் வாட்சாப்பில் பத்து நிமிடம் பேசி அனுப்பி அலுத்துவிட்டது. அதனால் எழுதியே வைத்துவிடுகிறேன்.

காசு உண்டு. மலேசிய அரசாங்கப் பல்கலைக்கழகங்களில் மாணவர் விவகாரப் பிரிவு இருக்கும், நாம் ஹெப் என்போம். சங்கமோ விடுதியோ நடத்தும் நிகழ்ச்சிகளுக்கு அங்கே தனி ஒதுக்கீடு வைத்திருப்பார்கள். அது போக, சமூகத் திட்டங்களுக்கு விரிவுரையாளர் பெயரில் வரும் மானியங்கள் உண்டு. 2019-ல் தொடங்கிய சூலாம் என்ற சேவைவழிக் கற்றல் திட்டத்தில் பாடத்தோடு சேர்த்தே சமூக வேலை செய்யலாம், மார்க்கும் கிடைக்கும். இந்தியச் சமூகத்துக்கான அரசு அமைப்பான மித்ரா போன்றவை தரும் வெளி நிதிகள் பதிவு பெற்ற அமைப்புகளுக்குத்தான். கோயிலோ ஊர்ச் சங்கமோ பதிவோடு இருந்தால் அவர்களை முன்னால் நிறுத்தி நீங்கள் பின்னால் வேலை செய்யலாம். முதல் தடவையாகக் கேட்பவருக்கு ஹெப் போதும்.

என் முதல் முயற்சியைச் சொல்லிவிடுகிறேன். இரண்டாம் செமெஸ்டரில் 'பசுமைத் தோட்டம்' என்று பெயர் வைத்து 8,500 ரிங்கிட் கேட்டேன். மரம் நடுதல், மறுசுழற்சிப் பேச்சு, கோலப்போட்டி, சூரிய விளக்கு என்று எல்லாம் அதில் இருந்தது. டி-சட்டைக்கு மட்டும் 2,400. கவுண்டரில் இருந்த புவான் அந்த வரியில் விரலை வைத்து, இது நிகழ்ச்சியா துணிக்கடையா என்று கேட்டார். கோப்பு அன்றைக்கே திரும்பி வந்தது. அவர் மேல் கொஞ்ச நாள் கோபமாக இருந்தேன். இப்போது அந்தத் தாளை எடுத்துப் பார்த்தால் எனக்கே சிரிப்பு வருகிறது. அதில் எங்கள் தோட்டத்தைப் பற்றி ஒரு வரிகூட இல்லை. எந்த ஊரின் பெயரைப் போட்டாலும் பொருந்தும் தாள்.

இரண்டாவது முறை, விடுமுறைக்கு வீட்டுக்கு வந்தபோதுதான் வேலை உருப்படியாகத் தொடங்கியது. பாட்டி இன்னும் தோட்டத்து லயத்தில்தான் இருக்கிறார். பால்மரம் போய்ச் செம்பனை வந்து எத்தனையோ வருடம் ஆகிவிட்டது. ஆனாலும் தாத்தா ஒட்டுப்பால் நிறுத்த டாச்சிங், அதாவது குண்டு நகர்த்தி நிறுக்கும் கோல் தராசு, அடுப்படி உத்திரத்தில் துருவோடு தொங்கிக்கொண்டிருந்தது. ஞாயிற்றுக்கிழமை மாரியம்மன் கோயிலில் அன்னதானம் முடிந்ததும் அதை எடுத்துக்கொண்டு போனேன். பின்கட்டில் எச்சில் இலை, மிச்சச் சோறு, காய்ந்த மாலை, தேங்காய் மட்டை, போலிஸ்தெரின் டப்பா எல்லாம் ஒரே குவியலாகக் கிடந்தன. நானும் மாமா பையனும் வகை பிரித்துக் கோணிச் சாக்கில் போட்டோம். அவன் ஒரு பக்கம் நான் ஒரு பக்கம் கோலைத் தூக்கிப் பிடிக்க, பாட்டி குண்டை நகர்த்தினார். இலையும் மாலையும் மட்டும் 38 கிலோ. ஆடித் திருவிழா அன்று அதே இடத்தில் 212 கிலோ. இந்த இலையையும் மாலையையும் தோங்கில், அதாவது பீப்பாயில், போட்டு மக்கவைத்து உரமாக்குவதுதான் என் இரண்டாவது திட்டம்.

டாச்சிங் பழசாயிற்றே என்ற சந்தேகம் எனக்கும் இருந்தது. 10 கிலோ அரிசிப் பையைத் தொங்கவிட்டுப் பார்த்தேன். அரைக் கிலோ கூடவே காட்டியது. அதற்கேற்பக் கழித்துக்கொண்டு எழுதினேன். இதை ஏன் இவ்வளவு விவரமாகச் சொல்கிறேன் என்றால், பின்னால் நேர்காணலில் "இந்த எண் எங்கிருந்து வந்தது?" என்றுதான் முதல் கேள்வி. அரிசிப் பைக் கதையைச் சொன்னேன். மேசைக்கு அந்தப் பக்கம் இருந்த மூன்று பேரும் சிரித்தார்கள். அதற்குப் பிறகு கேள்வியெல்லாம் இளகிவிட்டது.

ஆகவே நீங்களும் கணினியைத் திறப்பதற்கு முன் ஊரில் போய் எண்ணுங்கள், நிறுங்கள், அளந்து பாருங்கள். தேங்கும் கால்வாய் என்றால் எத்தனை அடி, மழை விட்டு எத்தனை நாள் தண்ணீர் நிற்கிறது. வாசிப்பு வகுப்பு என்றால் எத்தனை பிள்ளைகள், பள்ளி விட்டு எத்தனை மணிக்கு வீடு வருகிறார்கள். இரண்டு மூன்று எண் கையில் இருந்தால் போதும், தாளில் பாதி எழுதியாகிவிட்டது.

இன்னொன்றும் ஊரிலேயே முடிக்க வேண்டும். திட்டம் முடிந்து நீங்கள் பஸ் ஏறிப் போன பிறகு அதைப் பார்த்துக்கொள்ளப் போவது யார்? கோயில் தலைவர் "நாங்க பாத்துக்கறோம்மா" என்பார். அதை நம்பித் தாளில் எழுதாதீர்கள். அவருக்கு ஆயிரம் வேலை. எங்கள் ஊரில் கோயிலுக்குப் பூக்கட்டும் சின்னம்மா ஒருவர் இருக்கிறார். மல்லிகைத் தொட்டி முப்பது வைத்திருக்கிறார், உரம் விலை ஏறிவிட்டது என்று பார்க்கும்போதெல்லாம் புலம்புவார். "மக்குன உரத்துல பாதி உங்களுக்கு, வாரம் ஒரு தடவை தோங்கைக் கிளறி விடணும்" என்றேன். மறுநாள் காலையில் நான் பசியாறி முடிப்பதற்குள் பிள்ளையைக் கூட்டிக்கொண்டு வந்து, எந்த இடத்தில் வைப்பது என்று காட்டிவிட்டுப் போனார். தனக்கும் அதில் தேவை இருக்கிறவர்தான் கிளறுவார்.

சரி, தாளுக்கு வருவோம். கெர்தாஸ் கெர்ஜா, அதாவது பணம் கேட்கும் திட்டத் தாள், மலாயில்தான் எழுத வேண்டும். பின்னணி, நோக்கம், இலக்குக் குழு, நாள் நிரல், செயற்குழு, வரவு செலவு என்ற வடிவத்தை ஹெப்பே கொடுக்கும். பின்னணியை அரைப் பக்கத்தில் முடியுங்கள். உலகம் வெப்பமாகிறது என்று தொடங்கினால் படிப்பவர் அடுத்த பக்கத்துக்குத் தாவிவிடுவார். "இந்தக் கோயிலில் ஒரு ஞாயிறு 38 கிலோ இலையும் மாலையும் குப்பைக்குப் போகிறது" என்று தொடங்குங்கள். அப்புறம் ஒரே வரி: அவை குப்பைமேட்டில் காற்றில்லாமல் அழுகும்போது மீத்தேன் வருகிறது, நூறு ஆண்டுக் கணக்கில் அது கரியமில வாயுவைவிடக் கிட்டத்தட்ட 28 மடங்கு வெப்பத்தைப் பிடித்து வைக்கும். போதும்.

நிலையான வளர்ச்சி இலக்குகளைக் குறிக்கச் சொல்லி ஒரு கட்டம் இருக்கும். 2015-ல் ஐநா ஏற்ற 17 இலக்குகள். மாணவர்கள் ஆர்வத்தில் ஏழெட்டுக்கு டிக் போட்டுவிடுகிறார்கள். ஒன்று போதும், அதிகம் போனால் இரண்டு. நான் பொறுப்பான நுகர்வும் உற்பத்தியும் பற்றிய 12-ஐ மட்டும் போட்டு, அதற்குள் குப்பையைக் குறைப்பது பற்றிய 12.5 என்ற கிளையையும் எழுதினேன். மொத்தத்துக்கும் டிக் போட்ட தாள் எதையும் செய்யாது என்பது அங்கே உட்கார்ந்திருப்பவர்களுக்குத் தெரியும்.

மலாய் சரளமாக வருகிறவர்களும் ஒரு மலாய்த் தோழியிடம் கொடுத்துப் படிக்கச் சொல்லுங்கள். என் தாளில் ஒரு வாக்கியம் அப்படியே தமிழாக இருந்தது என்று என் அறைத்தோழி அரை மணி நேரம் சிரித்தாள், பிறகு உட்கார்ந்து திருத்தியும் கொடுத்தாள்.

வரவு செலவில்தான் பெரும்பாலான தாள் விழுகிறது. நான் கேட்டது இவ்வளவுதான்: 200 லிட்டர் நீலத் தோங் ஆறு, ஒன்று 65 வீதம் 390. இலை வெட்டும் இயந்திரம் இரண்டு நாள் வாடகை 300. வேன் எண்ணெயும் டோலும் 260. மண்வெட்டி, கையுறை, உர வெப்பமானி 210. நாற்பது பேருக்கு இரண்டு வேளை, தலைக்கு 8 வீதம் 640. பேனர் 80. பள்ளித் தோட்டத்துக்கு விதையும் நாற்றும் 150. மொத்தம் 2,030. கிடைத்தது 1,500. சாப்பாட்டில் 400 வெட்டினார்கள், பேனரை அடியோடு எடுத்தார்கள், எண்ணெய்க் காசில் 50 போனது.

சாப்பாட்டைத்தான் முதலில் வெட்டுவார்கள் என்று முன்பே தெரிந்திருந்தால் குறைத்துக் கேட்டு நல்ல பெயர் வாங்கியிருக்கலாம். கடைசியில் கோயில் மடப்பள்ளியில் பாட்டிமார்கள் சேர்ந்து சாம்பாரும் சேமியா பாயசமும் செய்தார்கள். யூனி கொடுத்த காசில் வாங்கும் நாசி லெமாக் பொட்டலத்தைவிட அது எவ்வளவோ மேல். இப்படி ஊர் தருவதையும் தாளில் 'சமூகப் பங்களிப்பு' என்று ஒரு பத்தியாகக் காட்டுங்கள். இடம், தண்ணீர், சமையல் எல்லாம் வரட்டும். ஊரும் கை கொடுக்கிறது என்று தெரிந்தால் கேட்ட காசு கிடைப்பது சுலபமாகிறது.

இயந்திரத்தை ஏன் வாங்காமல் வாடகைக்கு எடுத்தேன் என்று கேட்பீர்கள். திட்டப் பணத்தில் வாங்கும் நிலையான பொருள் பல்கலைக்கழகச் சொத்தாகப் பதிவாகும். ஸ்டிக்கர் ஒட்டுவார்கள், திட்டம் முடிந்ததும் திரும்பக் கேட்பார்கள். வாடகையில் அந்தத் தலைவலி இல்லை.

கடிதங்களைச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். கோயில் நிர்வாகத்தின் சம்மதம், தோட்ட நிலம் என்றால் தோட்ட நிர்வாகத்தின் சம்மதம், தமிழ்ப்பள்ளிப் பிள்ளைகள் வருவதாக இருந்தால் தலைமையாசிரியர் கடிதமும் மாவட்டக் கல்வி இலாகா அனுமதியும். எல்லாவற்றிலும் கையெழுத்தும் சாப்பும், அதாவது முத்திரையும், வேண்டும். எங்கள் கோயில் சாப்பு செயலாளரின் மோட்டார் கூடையில் இருந்தது, அவர் ஈப்போவில் வேலை. அதற்கே ஒரு வாரம் போயிற்று. உண்டியல் வைத்து நன்கொடை திரட்டும் எண்ணம் இருந்தால் முதலில் ஹெப்பிடம் கேளுங்கள். 1971-ஆம் ஆண்டின் பல்கலைக்கழகச் சட்டம் மாணவர்கள் காசு திரட்டுவதை நீண்ட காலம் கட்டிப்போட்டிருந்தது. 2024-ல் அதைத் திருத்தி, மாணவர் அமைப்புகள் பணத்தைக் கையாள வழி விட்டார்கள். ஆனாலும் உங்கள் யூனியின் விதியைக் கேட்டுக்கொள்வதில் நட்டம் ஒன்றும் இல்லை.

நாள் கணக்கையும் பாருங்கள். எங்கள் இடத்தில் நிகழ்ச்சிக்கு 30 நாள் முன்பே தாள் போய்ச் சேர வேண்டும். ஆண்டுக் கணக்கு டிசம்பரில் முடிவதால் நவம்பர் கடைசியில் பெண்டஹாரி என்ற நிதி அலுவலகத்தில் புதிதாக எதையும் தொடமாட்டார்கள். ஆண்டின் முதல் பாதியில் கேளுங்கள்.

முன்பணம் உங்கள் பெயரில் வராது. எங்கள் இடத்தில் ஆலோசகராக இருக்கும் விரிவுரையாளர் பெயரில்தான் வந்தது. கணக்கு ஒப்படைக்காவிட்டால் அவருடைய சம்பளத்தில் பிடிப்பார்கள். எங்கள் விரிவுரையாளர் இதைச் சிரித்துக்கொண்டே சொன்னார். எனக்கு அன்றிரவு தூக்கம் வரவில்லை. ஆகவே ஆலோசகராக யாரைக் கேட்பது என்பதை விளையாட்டாக எடுக்காதீர்கள். அவரை ஒரு தடவையாவது ஊருக்குக் கூட்டிப் போங்கள்.

வேலை நடந்த விதத்தையும் கொஞ்சம் சொல்ல வேண்டும். வாழை இலையை முழுசாகப் போட்டால் ஒன்றன்மேல் ஒன்று பாய் மாதிரி ஒட்டிக்கொள்ளும், உள்ளே காற்றுப் போகாது. உள்ளங்கை அளவுக்கு வெட்ட வேண்டும். ஒரு பங்கு இலைக்கும் பூவுக்கும் மூன்று பங்கு காய்ந்தது, எங்களுக்கு நறுக்கிய செம்பனை மட்டையும் தேங்காய் நாரும். எண்ணெயும் உப்பும் சேர்ந்த குழம்புச் சோறு உள்ளே போகக் கூடாது. நான்காவது தோங்கில் யாரோ சாம்பார் சாதத்தைக் கொட்டிவிட்டார்கள். மூன்றாம் நாள் நாற்றம், ஐந்தாம் நாள் புழு. கோயிலுக்கு வந்தவர்கள் மூக்கைப் பிடித்துக்கொண்டு சாமி கும்பிட்டார்கள். சின்னம்மா என்னைப் பார்த்த பார்வையை இன்னும் மறக்கவில்லை. எல்லாவற்றையும் வெளியே கொட்டி, மரத்தூள் கலந்து, மறுபடி ஏற்றினோம். இதை அறிக்கையில் படத்தோடு எழுதினேன். மறைக்கச் சொன்னவர்களும் உண்டு. அடுத்த ஆண்டு அதே வேலைக்குப் பணம் கேட்டபோது "நான்காவது தோங் இப்போது எப்படி இருக்கிறது?" என்று கேட்டார்கள். அவர்கள் அறிக்கையில் படித்து ஞாபகம் வைத்திருந்தது அந்தப் பத்தி ஒன்றைத்தான்.

கடைசியாக ரெசிட். கடையின் பெயர், பதிவு எண், தேதி, சாப்பு, இந்த நான்கும் இருந்தால்தான் செல்லும். வெப்பத்தாளில் அடிக்கும் ரெசிட்டில் எழுத்து சில மாதத்தில் மங்கிப்போகும். வாங்கிய அன்றே நகல் எடுத்துவிடுங்கள். நான் இரண்டு தோங்கை ஹார்ட்வேர் கடையிலும் நான்கைப் பழைய சாமான் கடையிலும் வாங்கினேன். பழைய சாமான் கடை அங்கிள் காலண்டர் தாளைக் கிழித்து '4 தோங் 260' என்று எழுதி, ஞாபகமாகப் பூப்போட்டுக் கையெழுத்தும் வைத்துக் கொடுத்தார். பெண்டஹாரி கவுண்டரில் அதைத் திருப்பித் திருப்பிப் பார்த்துவிட்டு என் பக்கம் தள்ளிவிட்டார்கள். ஆக அந்த 260 ரிங்கிட், அம்மா கூட்டு, அதாவது சீட்டு, எடுத்த காசிலிருந்து போனது. ஏற்கெனவே செலவாகாமல் 37 ரிங்கிட் 40 சென் மிச்சம் இருந்தது. இரண்டையும் சேர்த்து 297 ரிங்கிட் 40 சென் திருப்பிக் கட்டினேன். கட்டியதற்கு ஒரு ரெசிட் கொடுத்தார்கள். பெயர், எண், தேதி, சாப்பு எல்லாம் பக்காவாக இருந்தது. வெளியே வந்ததும் முதல் வேலையாக அதைப் படம் எடுத்துக்கொண்டேன்.