கணக்கில் சேராத ஆன்லைன் பாடம்: என் அனுபவம்

கலிபோர்னியாவில் கம்யூனிட்டி காலேஜில் (இரண்டாண்டுக் கல்லூரி) குற்றவியல் நீதி படித்து, மாநிலப் பல்கலைக்கழகத்துக்கு மாற இருந்தேன். குற்றவியல் சட்டத்தை மட்டும் வேறொரு கல்லூரியில் ஆன்லைனில் முடித்தேன். என் கல்லூரியோ அதை விருப்பப் பாடமாகவே காட்டியது. தேவையான 60 யூனிட் (பாட அலகுகள்) இருந்தும், பல்கலைக்கழகத்துக்கு மாற உதவும் மாறுதல் பட்டம் நிறைவாகவில்லை.

மதிப்பெண் பட்டியலை மறுபடி அனுப்ப வைத்தேன், பலனில்லை. அசிஸ்ட் தளத்தில் தேடினேன். அது கல்லூரிக்கும் பல்கலைக்கழகத்துக்கும் இடையிலான பொருத்தத்தைத்தான் காட்டும், இரண்டு கல்லூரிகளுக்கு இடையே அல்ல.

அப்புறம்தான் பாட விவரக் கையேட்டைப் பிரித்தேன். இரண்டு கல்லூரிகளிலும் பாட எண் வேறு. ஆனால் விவரத்தின் கடைசி வரியில், பொடி எழுத்தில், ஒரே சி-ஐடி, அதாவது பாடங்களுக்கான மாநிலப் பொது எண்: ஏஜே 120. இது மதிப்பெண் பட்டியலில் இல்லை. நான் படித்த பருவத்தில் அது செல்லுபடியானதா என்று சி-ஐடி தளத்தில் பார்த்து, இரண்டு பக்கங்களையும் ஆலோசகருக்கு அனுப்பினேன். பாடம் சேர்ந்துவிட்டது. பெரிய நிம்மதி.